தானாகத் திறந்த பச்சைப் பக்கம்

துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் கதவு ரப்பர் தேடுவதற்காகத்தான் மிலிசாவ் கணினியைப் போட்டான். பிரவுசரைத் திறந்ததும் வழக்கமான வெள்ளைப் பக்கம் வரவில்லை. பச்சைப்பசேலென்று ஒரு பக்கம் திரை முழுக்க விரிந்தது. நடுவில் ஒரு கால்பந்து சுழன்றது, காசு கொட்டுகிற சத்தம் கேட்டது, 'முதல் பந்தயம் எங்கள் செலவில்' என்று எழுத்துகள் மின்னின. மூடினான். மூடிய இடத்தில் இன்னொன்று திறந்தது. மேஜைக்கு அடியில் புகுந்து சுவரிலிருந்து ஒயரையே பிடுங்கிப் போட்டான்.

சத்தம் நின்ற பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஐம்பதைத் தாண்டிய கனத்த ஆள், பட்டப்பகலில், சொந்த வீட்டில், மேஜைக்கு அடியில்.

ஒரு விளம்பரப் பக்கத்துக்கா இந்தப் பயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊரான பராச்சினில் யாரும் கேட்க மாட்டார்கள். மிலிசாவ் பந்தயக் கடையில் தொலைத்தவை ஊருக்கே தெரியும். பேருந்து ஓட்டும் வேலை போனது. மாமனார் கொடுத்த பிளம் தோட்டம் போனது. கடைசியில் மனைவி ருஷிட்சாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் திஹோமிர் வீட்டுக்குப் போனாள். எந்தக் குதிரை, எந்த அணி, எந்த நாட்டு ஆட்டம் என்ற பேதமெல்லாம் அவனுக்கு இருந்ததில்லை. வியட்நாமில் பெண்கள் ஆடும் கைப்பந்துக்குக்கூடப் பணம் கட்டியிருக்கிறான் மனுஷன்.

போன வருடம் ஸ்லாவா அன்று அவள் திரும்பி வந்தாள். ஸ்லாவா என்றால் வீட்டுப் புனிதரின் நாள். இவர்கள் வீட்டுக்குப் புனித நிக்கோலாஸ். ஏற்றிய மெழுகுவர்த்திக்கும் வெட்டாத ரொட்டிக்கும் முன்னால், திஹோமிர் பார்த்துக்கொண்டிருக்க, இனிமேல் தொடமாட்டேன் என்று மிலிசாவ் சத்தியம் செய்தான். வாய்ச் சத்தியத்தை நம்பிவிட ருஷிட்சா ஏமாளி இல்லை. தொடுதிரை போனை விற்கச் சொன்னாள். அவன் பொத்தான் போனுக்கு மாறினான். கணினி சாப்பாட்டு அறையில், திரை வாசலைப் பார்க்கும்படி வைக்கப்பட்டது. பிரவுசரில் வீடு மொத்தத்துக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அதே கணக்கை ருஷிட்சா, தான் வேலை பார்க்கும் மரச்சாமான் பட்டறையின் அலுவலகக் கணினியிலும் திறந்து வைத்துக்கொண்டாள். அவன் எதைத் தேடினாலும் அவளுக்குத் தெரியும். சாயங்காலம் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, அன்றைக்கு அவன் பார்த்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

"ஒரே ஒரு தடவை மறுபடி பந்தயப் பக்கத்தப் பாத்தேன்னு வையி, கத்தமாட்டேன், அழமாட்டேன், கெளம்பிடுவேன்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும்.

இயந்திரம் பழுது பார்க்கிற வேலையில் காலூன்றி, ஒரு வருடத்தை ஒழுங்காக ஓட்டிவிட்டான். அடுத்த ஸ்லாவாவுக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் வந்து நிற்கிறது இந்தப் பச்சைப் பக்கம்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். "நான் தொறக்கல, அதுவா தொறந்துச்சு" என்று அந்தக் காலத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பான்! பொய்யாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியத்தின் உயிரையே எடுத்துவிட்டான். இன்றைக்கு அது சத்தியமான உண்மை. ஆனால் அதைச் சொல்ல அவனிடம் வேறு வாக்கியம் இல்லை.

ஒயரை மறுபடி செருகி, ஒலியை அடைத்து, தானே சுத்தம் செய்யத் தொடங்கினான். இயந்திரம் பழுது பார்க்கிறவன் ஆகையால் பொறுமை உண்டு. பிரவுசரின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் முதல் பக்கமும் தேடும் பக்கமும் மாறியிருந்தன. பழையபடி மாற்றினான். எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டி வேலை செய்யும் குட்டி நிரல்கள், இருக்கும் இடத்தில், தெரியாத ஒன்று ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயரோடு உட்கார்ந்திருந்தது. அதை நீக்கினான். கணினியை அணைத்துப் போட்டான். வெள்ளைப் பக்கம் வந்தது. போன உயிர் பாதி திரும்பியது.

பிறகு அவசரத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தான். அந்தப் பச்சைப் பக்கங்களின் தடம் தெரியக் கூடாதென்று, பார்த்தவற்றின் பதிவை முழுதாக அழித்துவிட்டான். அழித்து முடித்த பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் ருஷிட்சா வந்து பார்க்கப்போவது வெறும் வெள்ளை. ஒன்றுமில்லாததைப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள் என்று யோசிக்க அதிக மூளை தேவையில்லை.

ருஷிட்சா வந்தாள். கோப்பையை வைத்தாள். பார்த்தாள்.

"என்ன, இன்னிக்கு ஒண்ணுமே இல்ல?"

"கம்ப்யூட்டர் பக்கமே போகல."

"போகலையா? மவுஸ் இடது பக்கம் இருக்கு."

மிலிசாவ் இடதுகைக்காரன். "தூசி தொடச்சேன்" என்றான்.

"நீயா? தூசியா?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து கோப்பையைக் கழுவப் போனாள். மிலிசாவ் ஒரு வருடமாக ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டான், அதுவும் செய்யாத குற்றத்துக்காக.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் கணினியைப் போட்டான். பச்சைப் பக்கம். பந்து சுழன்றது. மறுபடி எல்லாவற்றையும் நீக்கினான், மாற்றினான். மத்தியானம் ஒரு வீட்டில் பாய்லரைச் சரிசெய்துவிட்டு வந்து பார்த்தால், அதே எக்ஸ்டென்ஷன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் யாரோ நிற்பதுபோல் இருந்தது அவனுக்கு. திரும்பி வாசலைப் பார்த்தான். யாருமில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான், பகல் வேளையில்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஸ்லாவாவுக்கு எங்கள் ஊரில் யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் தாமே வருவார்கள், வந்தவரைத் தடுக்கவும் முடியாது. திஹோமிர் கட்டாயம் வருவான். இரண்டு குவளை உள்ளே போனதும் கணினியில் பாட்டுப் போடுவான். வருடா வருடம் போடுகிறான். அறை நிறையச் சொந்தக்காரர்கள், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்க, காசு கொட்டுகிற சத்தத்தோடு அந்தப் பச்சைப் பக்கம் திறந்தால்?

வேறு வழியில்லாமல் மிலிசாவ் கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பிசெர்காவின் கடைக்குப் போனான். கணினி பழுது பார்க்க ஊரில் அவளைவிட்டால் ஆளில்லை. கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது, அடுத்த வாசல் பந்தயக் கடை. ஒரு வருடமாக அந்தச் சந்து இருக்கும் தெருவையே தவிர்த்து, சுற்றுவழியில் போகிறவன் மிலிசாவ். இப்போது மார்பில் போர்வை மூட்டையோடு தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தான்.

பந்தயக் கடை வாசலில் சிகரெட்டோடு நின்றது சாட்சாத் திஹோமிர்தான். அவனும் பந்தயம் கட்டுகிறவன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சீட்டோடு நிறுத்திக்கொள்கிற பாக்கியசாலி.

"என்ன மாப்ள, போர்வைக்குள்ள என்ன, பன்னிக்குட்டியா?"

"கம்ப்யூட்டர், மச்சான். ரிப்பேர்."

"ரிப்பேரா!" திஹோமிர் புகையை விட்டான். "போன தடவை டிவியும் ரிப்பேருக்குத்தான போச்சு? இன்னும் வந்து சேரலையே!"

"சத்தியமா ரிப்பேர்தான். உள்ள வந்து பாரேன்."

"நான் எதுக்கு வரணும்? ஸ்லாவாவுக்கு வர்றப்போ பாக்குறேன், மேஜை மேல என்ன மிஞ்சுதுன்னு."

பிசெர்கா நல்ல வேலைக்காரி. ஆனால் வேலை செய்யும்போது வாய் ஓயாது. பெட்டியைத் தன் திரையோடு இணைத்து, குடைந்துகொண்டே போனாள்.

"பிரவுசரக் கடத்துற திருட்டு சாஃப்ட்வேர் அண்ணே இது. நீங்க ஒரு எடம் போகச் சொன்னா இது வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும். ஒவ்வொரு கிளிக்குக்கும் இதை அனுப்புனவனுக்குக் காசு."

"ஏன் பந்தயக் கடைக்கே கூட்டிட்டுப் போகுது?"

"நம்ம நாட்டுல வேற எங்க கூட்டிட்டுப் போவான், நூலகத்துக்கா?" என்றவள், கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "உண்மையச் சொல்லுங்கண்ணே. நீங்க போனீங்களா?"

"இல்லம்மா."

"சரி. எனக்கென்ன."

அந்த 'எனக்கென்ன' அவனைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

கணக்கிலிருந்து வெளியேறி, பிரவுசரை அடியோடு பெயர்த்து எடுத்துப் புதிதாகப் போட்டாள். வைரஸ் தேடும் நிரலை ஓடவிட்டாள். திரையில் இருந்த பிரவுசர் சின்னத்தின் பின்னால் யாராவது வேறு முகவரியைச் செருகியிருக்கிறார்களா, கணினி விழிக்கும்போது கூடவே விழித்துக்கொள்ளும் நிரல் ஏதும் உண்டா என்று பார்த்தாள். அறிவிப்புகள் அனுப்ப எந்தத் தளத்துக்கும் அனுமதி இல்லாமல் அடைத்தாள்.

"இனிமே எது வேணும்னாலும் அதைச் செஞ்சவன் தளத்துலேருந்து மட்டும் எறக்குங்க. 'சரி, சரி'ன்னு அமுக்கிட்டே போகாதீங்க. நடுவுல ஒரு டிக் ஏற்கெனவே போட்டு வச்சிருப்பான், அதை எடுத்துவிடணும். அப்டேட் கேட்டா நாளைக்குன்னு தள்ளாதீங்க. நம்ம ஆளுங்க ஓசியில கெடைக்குதுன்னா காவலுக்கு இருக்கிற ஆன்ட்டிவைரஸையே அணைச்சுட்டு உள்ள விடுவாங்க."

கடையில் கணினி சமர்த்தாக நடந்துகொண்டது. பத்து முறை திறந்தாலும் வெள்ளைப் பக்கம்தான். மிலிசாவ் அவளுக்குக் கைகொடுத்தான். வெளியே திஹோமிர் இல்லை. குளிர் முகத்தில் அடித்தது, ஆனாலும் மனது லேசாக இருந்தது.

ஸ்லாவாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை. சமையலறையில் ருஷிட்சா காலையிலிருந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நோன்புக்கால ஸ்லாவா என்பதால் மீனும் அவரையும்தான் சமையல். அடுப்பில் அவரை வேகிற வாசனை வீடு முழுக்க இருந்தது. காலையிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. வேலை மும்முரம் என்று மிலிசாவ் நினைத்துக்கொண்டான், அல்லது அப்படி நினைக்க விரும்பினான்.

சாப்பாட்டு அறையில் கணினியைப் பொருத்தினான். வெள்ளைப் பக்கம். வீட்டுக் கணக்குக்குள் நுழைந்தான். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி பச்சைப் பக்கம் விரிந்தது.

இந்த முறை ஒயரைப் பிடுங்கவில்லை. ஒலியை மட்டும் அடைத்துவிட்டு, பொத்தான் போனில் பிசெர்காவைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னான்.

"கணக்குல நொழஞ்ச ஒடனேயா வந்துச்சு? அப்படின்னா அது உங்க பெட்டியில இல்லண்ணே, கணக்குல இருக்கு. அந்தக் கணக்கு எங்கெல்லாம் தொறந்திருக்கோ அங்கெல்லாம் கூடவே வரும். வேற எடத்துல யாரோ அந்த நிரலையே போட்டிருக்காங்க. நீங்க இங்க புடுங்கப் புடுங்க அது அங்கேருந்து நட்டுக்கிட்டே இருக்கு. அந்த எக்ஸ்டென்ஷன் பேரை எழுத்தெழுத்தாப் படிங்க."

படித்தான். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அழிச்ச ஹிஸ்டரிய மீட்டுக் காட்டுறதாம்! ஓசியில! சும்மா கதை, ஒண்ணையும் காட்டாது. புருஷன வேவு பாக்குற பொண்டாட்டிங்க, பொண்டாட்டிய வேவு பாக்குற புருஷனுங்க, இவங்கதான் இதுல விழுவாங்க. யாருண்ணே போட்டது?"

மிலிசாவ் போனை வைத்துவிட்டான். அந்தக் கணக்கு இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் திறந்திருக்கிறது.

திரும்பினால் ருஷிட்சா கதவருகே நின்றாள். கையெல்லாம் மாவு. பச்சைப் பக்கம் அவளுக்கு நேராக விரிந்து கிடந்தது. மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"கம்ப்யூட்டர நீ வித்துட்டன்னு அண்ணன் சொன்னான்" என்றாள். "வித்திருந்தாத் தேவலாம்போல."

"ருஷிட்சா, நான் தொறக்கல. அதுவா தொறந்துச்சு."

சொல்லிவிட்டான். அந்தச் செத்த வாக்கியத்தையே சொல்லிவிட்டான். மேஜைக்கு அடியில் புகுந்ததிலிருந்து, தூசி துடைத்த பொய், போர்வை மூட்டை, பிசெர்கா இப்போது சொன்னது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னான். எக்ஸ்டென்ஷன் பெயரைத் திரையில் காட்டினான். அந்தப் பெயரைப் பார்த்ததும் ருஷிட்சா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மாவு நாற்காலிக் கையில் ஒட்டியது.

"என் ஆபீஸ்லயும் இந்தப் பக்கம் வந்துச்சு" என்றாள். "திங்கக்கெழமையிலேருந்து. ஒரே கணக்குல்ல. நீ இங்க பாக்குறது அங்க வருதுன்னு நெனச்சேன்."

"அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா அதுவா தொறந்துச்சும்ப. அதை இன்னொரு தடவ என்னால கேக்க முடியாதுன்னு தோணுச்சு. ஸ்லாவாவுக்கு ஆளுங்க வந்துடுவாங்க, அது முடிஞ்சதும் போயிடலாம்னு இருந்தேன். கட்டி வச்ச துணிப்பெட்டி கட்டிலுக்குக் கீழ இருக்கு."

மிலிசாவ் கட்டில் அறையின் பக்கம் பார்த்தான். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாளை மறுநாள் இந்த வீட்டில் தான் தனியாக இருந்திருக்க வேண்டியது என்பது அப்போதுதான் அவனுக்கு முழுதாகப் புரிந்தது.

"சரி, அது இந்த வாரம். ஆனா அந்தக் கண்றாவிய அதுக்கு முன்னாலயே போட்டிருக்க. எதுக்கு? நான் என்ன செஞ்சேன்?"

ருஷிட்சா கையிலிருந்த மாவை உருட்டினாள்.

"போன மாசம் ஒரு வாரம் நீ கலகலன்னு இருந்த. பாய்லரத் தட்டிக்கிட்டே பாட்டுப் பாடுன. என்னைச் சமையக்கட்டுல புடிச்சுச் சுத்தி ஆட்டுன. முன்னாடியெல்லாம் ஜெயிச்சுட்டு வர்றப்போ அப்படித்தான் ஆட்டுவ. எனக்குப் பயம் வந்துடுச்சு. பாத்ததையெல்லாம் அழிச்சிருப்பியோன்னு போன வாரம் ஆபீஸ்ல அதைப் போட்டேன்."

மிலிசாவ் யோசித்துப் பார்த்தான். அந்த வாரம் எதற்காகச் சந்தோஷமாக இருந்தோம் என்று அவனுக்கு ஞாபகமே வரவில்லை. காரணமே இல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

"நான் சந்தோஷமா இருந்தா உனக்குப் பயமா இருக்கா?"

"ஆமா."

"மொத நாளே இந்தப் பக்கத்தப் பத்தி உன்கிட்ட சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் அவள்.

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பொய் சொல்லக் கற்றுக்கொண்டவன் அவன். அதைக் கேட்டுக் கேட்டுக் காது கெட்டுப்போனவள் அவள். இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

அவரையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இருவரும் பட்டறைக்கு நடந்தார்கள். விடுமுறை நாள், ஆனால் சாவி ருஷிட்சாவிடம் இருந்தது. அலுவலகக் கணினியில் அந்த எக்ஸ்டென்ஷன் இருந்தது. அதை நட்டுக்கொண்டே இருந்த நிரல், நிறுவிய நிரல்களுக்கு நடுவே சாதுவான பெயரில் ஒளிந்திருந்தது. பிசெர்காவிடம் போனில் கேட்டு அவன் சொல்லச் சொல்ல அவளே இரண்டையும் நீக்கினாள், வைரஸ் தேடும் நிரலை ஓடவிட்டாள், பிறகு அங்கிருந்து வீட்டுக் கணக்கை விட்டு வெளியேறினாள். வீட்டுக்கு வந்து இங்கேயும் அதே வேலை. ஒரு கணினியில் இருப்பதை இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் ஏற்பாட்டை அணைத்தார்கள். அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள், கணக்குக்குள் போய்ப் பார்த்தார்கள். வெள்ளைப் பக்கம் வந்தது, வெள்ளையாகவே நின்றது.

"கடவுச்சொல்லையும் மாத்தணும்னு பிசெர்கா சொல்லுது" என்றான் மிலிசாவ். "வா, போடு."

ருஷிட்சா எழுந்து ஜன்னல் பக்கம் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நீயே போடு. எனக்குச் சொல்லாத. நான் இனிமே பாக்கப்போறதில்ல."

இதைக் கேட்டு மனுஷன் மகிழ்ந்திருக்க வேண்டும். ஒரு வருடம் காத்திருந்தது இதற்குத்தானே? ஆனால் விசைப்பலகையின் மேல் வைத்த விரல்களை அவன் எடுத்துவிட்டான். இந்த வாரம் முழுக்கப் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இந்த ஒரு வருடம் பந்தயத்தை விட்டது தன் மனதாலா, அல்லது அவள் பார்த்துக்கொண்டிருந்ததாலா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

"ருஷிட்சா, இந்தப் பக்கம் திரும்பு" என்றான். "நீ நம்பாமயே இரு. எனக்கு அதுதான் நல்லது."

"போடு" என்றாள் அவள், திரும்பாமலே.

மிலிசாவ் முதல் எழுத்தை அழுத்தினான்.